ஸ்டீம் டெக் வாங்கலாமா? அதன் நிறை குறைகள் என்ன?

ஸ்டீம் டெக் என்பது கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் கருவி. வேலை, வீடு என்று நேரமே இல்லாதவரா? கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஏற்கெனவே நிறைய வாங்கிக் குவித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் தாராளமாக வாங்கலாம். நண்பர்களுடன் இணையத்தில் சேர்ந்து துப்பாக்கிச் சண்டை போடத்தான் ஆசை என்றால் வேண்டவே வேண்டாம்.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது மேல் விளிம்பில் இருக்கும் பவர் பட்டன்தான். ஆட்டத்தின் நடுவே அதை ஒருமுறை அழுத்தினால் எல்லாம் அப்படியே நின்று, கருவி உறக்கத்துக்குப் போய்விடும். மறுநாள் மீண்டும் அழுத்தினால், ஓங்கிய வாள் ஓங்கியபடி இருக்க, சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குழந்தை தூங்கியபின் கிடைக்கும் அரை மணி நேரத்தில், கணினி முன் உட்கார்ந்து அப்டேட் முடியக் காத்திருந்தே பாதி போய்விடும். இதில் அந்த அரை மணியும் நமக்கே. யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்தும் போகலாம். குடும்பஸ்தர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை என்பேன்.

ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட இது, உண்மையில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு கணினி. விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளைப் புரோட்டான் என்ற மென்பொருள் இதில் ஓட வைக்கிறது. அதனால் முன்பே வாங்கியவற்றுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை. எல்டன் ரிங் என்ற விளையாட்டு வந்த புதிதில் விண்டோஸ் கணினிகளிலேயே திக்கித் திணறியது. வால்வ் பொறியாளர்கள் புரோட்டானில் செய்த திருத்தத்தால் டெக்கில் அந்தத் திணறல் வெகுவாகக் குறைந்தது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது பேட்டரி. எல்சிடி திரை கொண்ட முதல் மாடலில் இருப்பது 40 வாட்-மணி பேட்டரி. கனமான விளையாட்டுகள் 20 வாட்டுக்கும் மேல் இழுக்கும். வகுத்துப் பார்த்தால் இரண்டு மணி நேரம்கூடத் தேறாது. 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி திரை மாடலில் 50 வாட்-மணி. திரையும் பல மடங்கு அழகு. இரண்டில் ஒன்று என்றால் கூடுதல் பணம் போட்டு இதையே எடுங்கள். திரைக்கு வலப்புறம் கீழே மூன்று புள்ளிகள் போட்ட பட்டன் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தி, பேட்டரி படம் உள்ள பகுதியில் ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வரும் என்பதை, குறைத்து வைத்தால் சார்ஜ் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஸ்டார்டியூ வேலி போன்ற எளிய விளையாட்டுகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

எடையும் கொஞ்சம் அதிகம்தான். எல்சிடி மாடல் 669 கிராம், ஓஎல்இடி 640 கிராம். மல்லாந்து படுத்துக்கொண்டு விளையாடினால் மணிக்கட்டு வலிக்கும். மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றிக்கொள்வதே சுகம்.

இணைய விளையாட்டுகளின் நிலைதான் வருத்தம் தருகிறது. ஏமாற்றுவோரைத் தடுக்கும் மென்பொருள்களைச் சில நிறுவனங்கள் லினக்ஸுக்குத் திறந்துவிட மறுக்கின்றன. அதனால் வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் டெக்கின் லினக்ஸ் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸில் ஓடாது. 2024இல் ஜிடிஏ ஆன்லைன், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஆகியவையும் கைவிட்டுப் போயின. அதுவரை ஓடிக்கொண்டிருந்த விளையாட்டை, காசு கொடுத்தவரைக் கேட்காமலேயே ஒரு நாள் நிறுத்திவிடலாம் என்பது அநியாயம். குற்றம் கருவியுடையதல்ல, ஆனால் இழப்பு நம்முடையது. வாங்குமுன் உங்களுக்குப் பிடித்த விளையாட்டின் ஸ்டீம் பக்கத்தில் டெக்குக்கான பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியாவில் வால்வ் இதை நேரடியாக விற்பதில்லை. இறக்குமதி செய்து விற்பவர்கள் விலையைக் கூட்டித்தான் சொல்வார்கள். பழுதானால் வாரண்டி என்று கேட்க இங்கே இடமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிட முடிந்தால் அதுவே நல்லது. ஓரளவு கைவேலை தெரிந்தவர் இதைத் தானே பிரித்துப் பார்க்கலாம் என்பது ஆறுதல்: பின்பக்கம் எட்டே திருகாணிகள், உள்ளே விளையாட்டுகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றிப் பெரியதாக மாற்றிக்கொள்ளவும் முடியும். மூடியைத் திறக்கும் முன் மைக்ரோ எஸ்டி கார்டை மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கார்டு இரண்டாக உடைந்துவிடும்.