அம்மா வருவதற்குள் ஃபயர் பிளான்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோத்தகிரியிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸில், ஸ்பிரிங்வுட்டில், காட்டோரம் வாடகை வீடு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நவம்பரில் அம்மா வருகிறார். ஆபீஸில் பார்ப்பவர்களெல்லாம் "ஃபயர் பிளான் போட்டாச்சா?" என்கிறார்கள், அதாவது காட்டுத்தீ வந்தால் என்ன செய்வது, எப்போது கிளம்புவது என்ற திட்டம். நம்ம மலையிலும்தான் வருஷா வருஷம் காடு எரிகிறது, இதற்கு இவ்வளவு பதற்றம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். நான் குன்னூர்க்காரி, 2010-ல் இங்கே வந்தவள். நானும் உங்களை மாதிரிதான் நினைத்தேன்.

நம் ஊரில் பனியில் கருகின புல் ஜனவரியிலிருந்தே காய்ந்து கிடக்கும். ஃபாரஸ்ட்காரர்கள் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள், பற்றினால் பச்சைத் தழையால் அடித்து அணைப்பார்கள். காட்டுக்கும் நமக்கும் நடுவில் தேயிலை பச்சையாக நிற்கும். எதிர்மலையில் புகை தெரிந்தாலும் அது காட்டுப் பிரச்சினை என்றே வளர்ந்துவிட்டோம். இங்கே முகட்டில் ரோடு, ரோட்டோரம் வீடு, வீட்டின் பின்வாசலைத் தாண்டினால் சரிவு முழுக்க யூகலிப்டஸ். தீ மேட்டில் ஏறும்போது வேகம் கூடும், மேட்டில் இருப்பது நாம். பல தெருக்களுக்கு வெளியே போக ஒரே வழிதான்.

2013 அக்டோபர் 17, வியாழக்கிழமை. என் அம்மா குன்னூரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நானும் கணவரும் சிட்னியில் வேலையில். மதியம் காற்று பலமாக அடித்திருக்கிறது, அம்மாவுக்குத் தைல வாசம் வந்திருக்கிறது. ஊரில் கொட்டகை போட்டுக் கற்பூர இலையை வேகவைத்துத் தைலம் இறக்கும்போது வருமே, அதே வாசம். யாரோ தைலம் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைக்கூட அவர் சாத்தவில்லை. நம்ம கற்பூர மரம் இந்த நாட்டிலிருந்து வந்ததுதானே, அந்த வாசத்தில் அவருக்குப் பயம் தோன்றவில்லை. துணி எடுக்கப் போனபோது கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டின் மேல் ஒரு இலை. முழுக்கக் கரி, ஆனால் நரம்புகூட அப்படியே இருக்கிறது. விரல் பட்டதும் பொடிந்துவிட்டது. எனக்குப் போன் செய்திருக்கிறார், நான் மீட்டிங்கில் இருந்தேன், எடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் வந்து கையைப் பிடித்துக் காரில் ஏற்றியிருக்கிறார். இவருக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தீயில் இந்த மலைப்பகுதியில் ஏறக்குறைய 200 வீடுகள் போயின. எங்கள் வீடு தப்பியது. ஆனால் அம்மா எங்கே என்று தெரியாமல் நான் நின்ற அந்த ஐந்து மணி நேரம் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், நீங்களும் மனைவியும் வீட்டில் இருக்கிற நாளுக்குப் பிளான் போடாதீர்கள். கார் ஓட்டத் தெரியாத, இங்கிலீஷ் வராத அம்மா குழந்தையோடு தனியாக இருக்கிற நாளுக்குப் போடுங்கள்.

வீட்டு வேலை பெரிதில்லை. பெரும்பாலும் வீடு பற்றுவது காற்றில் பறந்து வரும் கங்கினால்தான், தீ தூரத்தில் இருக்கும்போதே அது வந்து விழும். கூரையோரம் மழைத்தண்ணீர் ஓடும் கட்டரில் இலை சேராமல் பாருங்கள். வாடகை வீடுதானே என்று விட்டுவிடாமல் ஏஜென்ட்டுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். மர டெக்குக்கு அடியில் அட்டைப்பெட்டி, பழைய மிதியடி எதுவும் வேண்டாம்.

சட்டப்படி காட்டுத்தீ சீசன் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. ஊரில் அடைமழை பெய்கிற மாதத்தில் அம்மா கிளம்பி நேராகத் தீக்காலத்துக்குள் வருகிறார், அதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அன்றைய தீ அபாயம் எவ்வளவு என்று முள்ளால் காட்டும் அரைவட்டப் பலகை ஒன்றை ரோட்டோரம் பார்த்திருப்பீர்கள். முள் அதன் உச்ச நிலையான "கேட்டஸ்ட்ராஃபிக்"கில் நிற்கும் என்று அறிவித்தால் முதல் நாள் இரவோ விடியற்காலையிலோ எல்லாரும் கீழே சிட்னிப் பக்கம் இறங்கிவிடுங்கள். வீட்டில் நின்று தண்ணீர் அடிக்கலாம் என்று யார் சொன்னாலும், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்தப் பேச்சே கிடையாது. "ஹசார்ட்ஸ் நியர் மீ" ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வரும். சிவப்புக்குக் காத்திருக்க வேண்டாம், அதற்குள் ரோடு அடைபட்டிருக்கலாம். கரண்டும் டவரும் போய்விட்டால் பேட்டரி ரேடியோ ஒன்றுதான் துணை.

அப்புறம் உடுப்பு. அம்மா நைலக்ஸ் புடவையில்தான் இருப்பார். அனல் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சேலை, முழுக்கை பிளவுஸ், கோத்தகிரிக் குளிருக்குப் போடுகிற கம்பளிச் சால்வை, மூடின ஷூ, இவை ஒரு பையில் கதவோரம் இருக்கட்டும். பாஸ்போர்ட், மாத்திரைச் சீட்டு, குழந்தையின் பால் டப்பாவும் அதிலேயே.

வந்த முதல் வாரமே அம்மாவைக் கூட்டிப்போய் பக்கத்து வீட்டில் அறிமுகப்படுத்துங்கள். ஒரு வீடு போதாது, இரண்டு வீடு. இங்கே அவசர உதவி எண்ணான 000-க்குப் போன் போட்டு "ஃபயர்" என்றும் "தமிழ்" என்றும் சொல்லச் சொல்லிக்கொடுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வீட்டு விலாசத்தை இங்கிலீஷில் அவர் வாயால் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கட்டும். என் அம்மா இப்போது வரும்போதெல்லாம் ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டுகிறேன். முதல் வரி தமிழில் பெரிய எழுத்தில் இருக்கும்: "தைல வாசம் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போ. எனக்குப் போன் அப்புறம்."

உங்கள் தெரு எது, அதற்கு வெளியே போக எத்தனை வழி என்று எழுதுங்கள். இந்த ஞாயிறு நானே வந்து பார்க்கிறேன்.