புதுப் பாட்டில் பழைய சத்தம்: பிளக்-இன் போட்டால் வந்துவிடுமா?

கேள்வி: நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறோம். 1960களின் சோல் இசைப் பாணியில் பாடிய ஷாரன் ஜோன்ஸ், அவருடைய டாப்-கிங்ஸ் குழு, இவர்களின் ‘100 டேஸ், 100 நைட்ஸ்’ ஆல்பம் மாதிரி ஒலிக்க வேண்டும் என்று ஆசை. டேப்பில் பதிந்த மாதிரி ஒலிக்க வைக்கும் மென்பொருளான டேப் பிளக்-இன், ரெக்கார்டு கரகரப்பு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, ஒட்டவே இல்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் ஒன்றுதான் இருக்கிறது, அதில் நாலு மைக்தான் செருகலாம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கரகரப்பைத் தூக்கிப் போடுங்கள். 1960களில் ஸ்டுடியோவில் பதிவான டேப்பில் அது கிடையாது. பிற்பாடு ரெக்கார்டில் சேர்ந்த தூசியும் கீறலும்தான் அது. நீங்கள் பாட்டைப் பழசாக்கவில்லை, தட்டைப் பழசாக்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் ஆல்பம் 2007இல் வந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில், புஷ்விக் பகுதியில் ஒரு பழைய வீட்டையே ஸ்டுடியோ ஆக்கிய டாப்டோன் நிறுவனத்தின் வெளியீடு. குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் கேப்ரியல் ராத்தான் தயாரிப்பாளரும். பாடகி ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு வாசித்ததும் இதே டாப்-கிங்ஸ் ஆட்கள்தான். இவர்கள் பதிவு செய்தது எட்டே டிராக் (தனித்தனியாகப் பதியும் தடம்) உள்ள டேப்பில், விஷயம் அங்கேதான் இருக்கிறது. டேப் சத்தத்துக்கு ஒரு இதம் தருவது உண்மைதான், ஆனால் எட்டு டிராக்குக்குள் பத்துப் பேரை அடக்க வேண்டுமென்றால் யார் சத்தம் எவ்வளவு என்பதை வாசிக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும், பிற்பாடு எல்லாச் சத்தத்தையும் கலக்கும் மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழியே இல்லை.

உங்களுக்கு நாலு மைக் என்பதும் அப்படியொரு வசதிதான். டிரம்ஸுக்கு ரெண்டு போதும்: காலால் அடிக்கும் கிக் டிரம் முன்னால் ஒன்று, டிரம்மர் தலைக்கு மேலே ஒன்று. குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் மேல் ஒரு துணியை மடித்துப் போட்டால் அந்த ‘டொப்’ சத்தம் வரும். பேஸை மைக் இல்லாமல் நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகுங்கள், கிட்டார் ஆம்ப்புக்கு ஒரு மைக். இவர்கள் எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்கட்டும். ஒருவர் மைக்கில் இன்னொருவர் சத்தம் கசியத்தான் செய்யும், கசியட்டும், நீங்கள் பிளக்-இன்னில் தேடிக்கொண்டிருந்ததில் பாதி அதுதான். ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும். முதல் நாள் கடுப்பாகத்தான் இருக்கும்.

இது பதிவான பிறகு, ட்ரம்பெட்டும் சாக்ஸபோன்களும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்கட்டும், சத்தம் அதிகமான ஆள் ஓரடி பின்னால் போகட்டும். குரலைக் கடைசியில் தனியாக எடுங்கள்.

வேகம் மாறாமல் இருக்கக் காதில் ஒலிக்கவிடும் ‘டிக் டிக்’, அதாவது கிளிக் டிராக்கும் வேண்டாம். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டையே கேளுங்கள், நடுவில் ஷாரன் ஜோன்ஸ் கொஞ்சம் நிதானமாகப் போகலாம் என்கிற மாதிரி ஏதோ சொல்ல, மொத்தக் குழுவும் வேகத்தை இறக்கிவிடும். எனக்கு அந்த ஆல்பத்தில் ரொம்பப் பிடித்த இடம் அது.

இத்தனைக்கும் பிறகு பேஸ் மட்டும் பளபளவென்று புதுசாகக் கேட்டால், தட்டையாகச் சுற்றிய கம்பி, அதாவது ஃப்ளாட்வுண்ட் போடுங்கள். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் ஒருமுறை போட்டால் ரொம்ப நாளைக்கு மாற்றும் வேலை இருக்காது. 1960களில் மோடவுன் ரெக்கார்டு நிறுவனத்தில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால்தான் மாற்றுவாராம்.