தேவையில்லாத ஜீன்களை செல் எப்படி அணைத்து வைக்கிறது? அணைக்காவிட்டால் என்ன ஆகும்?

கல்லீரல் செல்லுக்கு நரம்பு ஜீன் எதற்கு, அதனால் அணைத்து வைக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் இதைவிடப் பெரிய வேலை, குதிக்கும் ஜீன்களிடமிருந்து டி.என்.ஏ.வைக் காப்பது என்பது என் எண்ணம்.

நம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ பாதி, குதிக்கும் ஜீன்களும் அவற்றின் மிச்சமும்தான். லைன்-1 என்ற ஒரு வகை மட்டுமே சுமார் 17 சதவீதம். பெரும்பாலானவை உடைந்துபோனவை, நூறு போலத்தான் இன்னும் குதிக்கும். குதிப்பது என்றால் டி.என்.ஏ.வை வெட்டித் தன் நகலை நுழைப்பது. யாருக்கு வேண்டும் அந்தத் தொல்லை?

எலி செல்லுக்கு டேபி என்ற நீலச் சாயம் போட்டு முதன்முதலில் பார்த்தபோது, உட்கருவுக்குள் பளிச்சென்று புள்ளிகள். சாயம் திரிந்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, இறுக்கிக் கட்டி வைத்த டி.என்.ஏ.தான் அப்படி மின்னியது.

அணைக்க வேண்டியதை இப்படி இறுக்கித்தான் வைக்கிறது செல். கட்டும் விதம் இது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தில் ஒன்பதாவது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில், மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி ஏறும். அதை ஹெச்பி1 புரதம் வந்து பிடிக்கும். மெத்தில் ஏற்றும் நொதியையும் கூட்டி வரும், அது பக்கத்து ஹிஸ்டோனிலும் ஏற்றும். இப்படியே பரவும். டி.என்.ஏ.விலோ, அதன் நான்கு எழுத்துகளில் குவானினுக்கு முன்னால் வரும் சைட்டோசினில் மெத்தில் ஒட்டும். செல் பிரியும்போது புது இழை வெறுமையாக இருக்கும். டிஎன்எம்டி1 நொதி பழைய இழையைப் பார்த்து நிரப்பிவிடும்.

சரி, இது தவறினால்? ஐசிஎஃப் என்ற அரிய பிறவி நோயில், பலருக்கு டி.என்.ஏ.வில் மெத்தில் ஒட்டும் இன்னொரு நொதிக்கான டிஎன்எம்டி3பி ஜீன் பழுதாகியிருக்கும். 1, 9, 16ஆம் குரோமோசோம்களின் நடுப்பகுதியை ஒட்டிய இடங்களில் மெத்தில் குறைந்து கட்டு தளரும். ரத்த வெள்ளையணுக்களை வளர்த்துப் பார்த்தால், ஒரே மையத்திலிருந்து பல கைகள் நீளும் நட்சத்திரம் மாதிரி குரோமோசோம்கள் ஒட்டிக் கிடக்கும். நோய் எதிர்ப்புப் புரதங்களும் குறைவு.

புற்றுநோயில் இரண்டு பக்கமும் கோளாறு: மொத்தத்தில் மெத்தில் குறையும், புற்றுக்கட்டியை அடக்கும் ஜீன்கள் சிலவற்றின் மேல் கூடி அவற்றை அணைத்துவிடும். அசாசிட்டிடின் என்ற புற்றுநோய் மருந்து டிஎன்எம்டி1 நொதியையே சிக்க வைக்கிறது. செல் பிரியப் பிரிய மெத்தில் கரையும். அப்புறம், எப்போதோ நம் டி.என்.ஏ.வில் புகுந்து தூங்கிக்கொண்டிருந்த பழைய வைரஸ் மிச்சங்களும் விழித்துக்கொள்ளாதா? விழிக்கின்றன. வைரஸ் புகுந்துவிட்டதாகவே நினைத்து அந்தப் புற்று செல் அபாயச் சங்கு ஊதுகிறது. மருந்தின் பலனில் அதற்கும் பங்கு உண்டு.