வன்னியிலிருந்து போய் சித்திரம், இசை, நாடகம் படிக்கலாமா?

கிளிநொச்சியில் உயர்தரம் கலைப்பிரிவு எழுதியிருக்கிறீர்கள், மூன்றிலும் விருப்பம், எதை எடுத்தால் நல்லது, பிறகு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முல்லைத்தீவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகத்தில் இசை படித்து, இப்போது சங்கீதம் படிப்பிக்கிறேன்.

வன்னிக்குள் இந்தப் படிப்பு இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பீடங்களில் பொறியியலும் விவசாயமும் தொழில்நுட்பமும்தான். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் நுண்கலை கிடையாது. ஆக, யாழ்ப்பாணம் அல்லது மட்டக்களப்பு. உயர்தரப் பெறுபேற்றில் வரும் இசட் புள்ளி மட்டும் போதாது, செயன்முறைப் பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை வரிக்கு வரி வாசியுங்கள். பத்திரிகை அறிவித்தலைத் தவறவிட்டால் அந்த வருடம் போய்விடும்.

மூன்றும் ஒரே மாதிரிப் படிப்பு என்று நினைக்காதீர்கள். இசைக்குச் சின்ன வயதுப் பயிற்சி வேண்டும். உயர்தரத்துக்காக மட்டும் பாடத் தொடங்கியவர்கள் முதல் வருடமே திணறுவார்கள். எங்கள் பக்கத்தில் ரியூசனில் கூட்டமாகப் பாடித்தான் பழக்கம், பாதிப் பேருக்குத் தங்கள் கட்டை (குரலுக்குப் பொருந்தும் சுருதி) எதுவென்றே தெரியாது. பரீட்சையில் தனியே இருத்திச் சுருதியைப் போட்டுவிட்டால் முதல் சட்ஜமே நடுங்கும். தம்புரா இல்லாவிட்டால் பரவாயில்லை, போனில் சுருதிச் செயலி ஒன்றை இறக்கி, விடிய எழும்பித் தனியே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடுங்கள். ஆதி தாள வர்ணம் ஒன்றையாவது இரண்டு காலத்திலும் தாளம் பிசகாமல் பாட வந்தால் துணிந்து போகலாம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளை ஒழுங்காக எழுதி வந்தவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை.

சித்திரம் கையைவிட மடிசீலையைத்தான், அதாவது காசுப்பையைத்தான், கூடச் சோதிக்கும். கன்வஸ், எண்ணெய் வர்ணம், நல்ல தூரிகை எல்லாம் கடைசி வருடம்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மகாபொல உதவித்தொகை கிடைத்தாலும் அதில் பாதி கடைக்குத்தான்.

முன்பயிற்சி இல்லாமல் நுழையக்கூடியது நாடகம். அதோடு நம்மிடம் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் இருக்கின்றன. ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் இருந்தால், பரீட்சைக்கு முன் அவரிடம் போய் ஒரு தருவையும் (கூத்துப் பாட்டையும்) அதற்கான ஆட்டத்தையும் பழகுங்கள். மனப்பாடம் செய்த வசனத்தைவிட அது எடுபடும்.

வேலை? உள்ளதைச் சொல்கிறேன். ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டுவரை பிள்ளைகள் ஓர் அழகியல் பாடம் எடுக்கத்தான் வேண்டும், சாதாரண தரத்திலும் அதை விரும்பி எடுக்கலாம், அதனால் ஆசிரியர் தேவை இருக்கிறது. ஆனால் பட்டதாரி நியமனம் அரசாங்கம் நினைத்தபோதுதான் வரும். அதுவரை வீட்டு வகுப்பு, கோயில் கச்சேரி, கலியாண மேடை அலங்காரம், வீடியோ எடிட்டிங் என்று ஏதாவது செய்துதான் ஓட்ட வேண்டியிருக்கும். இதற்கு வீட்டில் சம்மதம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் நான் சொல்வது மட்டக்களப்பு. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சித்திரம், இசை, நடனம், நாடகம் நாலும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. சுற்றியுள்ள ஊர்களில் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் இன்னும் ஆடுகிறார்கள். தூரம் என்று அம்மா சொல்லுவா, சரி, விடுதி இருக்கிறதுதானே.