கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, பெட்ரோலும் சர்வீஸும் கையைக் கடிக்கின்றன. அன்றாடச் செலவை எப்படிக் குறைப்பது?

11 வருஷமாக ஒரே பெட்ரோல் காரைத்தான் ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் காருக்குள் போடுங்கள். பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்புங்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் உண்மையான மைலேஜ். என் காரின் டேஷ்போர்டு எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் நான் நோட்டைத்தான் நம்புகிறேன்.

நோட்டில் எண் மெல்ல இறங்கிக்கொண்டே வந்ததைப் பார்த்துத்தான் ஒருநாள் டயர் காற்றைச் சோதித்தேன். 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டிய இடத்தில் நான்கிலும் 25, 26 தான் இருந்தது. குனிந்து டயரைத் தடவிப் பார்த்தேன். நடுவில் பள்ளம் நல்ல ஆழமாக இருக்கிறது, இரண்டு ஓரமும் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. காற்று குறைந்த டயர் ஓரத்தில்தான் எடையைத் தாங்கும், அங்கேதான் தேயும். பெட்ரோலில் போனது இரண்டு மூன்று சதவீதம்தான் இருக்கும். ஆனால் இன்னும் நெடுநாள் ஓடியிருக்க வேண்டிய நான்கு டயர்களை மாற்ற வேண்டி வந்தது, அதுதான் பெரிய அடி. டயரில் ஓட்டையே இல்லாவிட்டாலும் மாதம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று தானாக இறங்கும். ஆகவே மாதம் ஒருமுறை, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்சபட்ச அளவு, அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது உங்கள் வலது கால். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், வேகம் எடுக்க எரித்த பெட்ரோல் வெறும் சூடாகிக் கரைகிறது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஆனால் நியூட்ரலுக்குப் போகாதீர்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அது, பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் கார்புரேட்டர் என்ற பாகம் பழைய கார்களில் இருந்த காலத்துப் பழக்கம். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜின், கியரில் இருக்கும்போது நீங்கள் காலை எடுத்தால் பெட்ரோலை அநேகமாக முழுவதுமே நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றவைக்கும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். இறக்கத்தில் அது ஆபத்தும்கூட.

நெடுஞ்சாலையில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. காலியான கூரைக் கேரியரைக் கழற்றி வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

சரி, எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது? பிரேக்கில். முன்சக்கரத்தில் கீச்சென்று மெல்லிய சத்தம் வர ஆரம்பித்தது. அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடுதான் டிஸ்க், பிரேக் மிதித்தால் அதை அழுத்திப் பிடிப்பது பேட். பேட் தேய்ந்துவிட்டது என்று எச்சரிப்பதற்காகவே அதில் வைத்திருக்கும் சின்னத் தகடு டிஸ்கில் உரசும் சத்தம் அது என்று அப்போது தெரியாது. சக்கரத்தைக் கழற்றியபோது டிஸ்க் முழுக்க வட்ட வட்டமாக ஆழமான கீறல். பேட் மட்டும் மாற்றியிருந்தால் போதும், டிஸ்கையும் சேர்த்து மாற்றினேன். அதைவிட, அந்த இரண்டு மாதமும் குழந்தைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

இன்ஜின் ஆயிலை மேனுவல் சொல்லும் கிலோமீட்டரில், அல்லது அது சொல்லும் மாதக் கணக்கில், அது சொல்லும் கிரேடில் மாற்றுங்கள். முன்னதாக மாற்ற அவசியமில்லை, தள்ளிப்போடவும் கூடாது. சாதாரண பெட்ரோல் போதும் என்று மேனுவலில் இருந்தால் விலை கூடிய ஹை ஆக்டேன் பெட்ரோல் வேண்டாம். ஆக்டேன் என்பது இன்ஜினில் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடித்து எரிந்து தட்டும் சத்தம்) வராமல் தாங்கும் திறனின் அளவு, மைலேஜின் அளவு இல்லை. ஏர் ஃபில்டரை நிறைய கார்களில் நாமே மாற்றிவிடலாம், இரண்டு மூன்று கிளிப் கழற்றும் வேலைதான்.

அப்புறம், சர்வீஸுக்கு விடும்போதே, கழற்றிய பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பில்லில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பழசு கைக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.