ஸ்டுடியோவில் பாட்டை எப்படிப் பதிவு செய்கிறார்கள்? எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) பாடினாலே அருமையாகக் கேட்கிறதே, அங்கேயே பதிவு செய்தால் ஆகாதா?

வளவில் பாடினால் நன்றாகத்தான் இருக்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, இதெல்லாம் சத்தத்தை உறிஞ்சாது. 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்ட குரல் 0.06 நொடியில் திரும்பி வந்துவிடும். பாடுகிறவருக்கு அது சுகம், மைக்குக்குத் தொல்லை. குரலோடு ஒட்டிப் பதிவான எதிரொலியைப் பிறகு சுத்தமாகப் பிரிக்க முடியாது. வெறுங்குரலாகப் பதிந்தால் எந்த எதிரொலியையும் கணினியில் சேர்க்கலாம். வளவில் ஒரு பலூனை உடைத்து, அந்தச் சத்தம் அடங்குவதைப் பதிந்து கொடுத்தால், உங்கள் வளவின் எதிரொலியையே குரலுக்குப் போட 'கன்வல்யூஷன் ரிவர்ப்' என்ற மென்பொருள் இருக்கிறது!

எங்கள் ஆயாவின் (பாட்டியின்) தாலாட்டைப் பதிய மதுரையில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனோம். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு, "என்னப்பா, என் சத்தம் எங்க போச்சு?" என்றார். சுவர் முழுக்கத் துணி போர்த்திய கிளாஸ் வூல் பலகைகள், சத்தத்தை உறிஞ்சிவிடும் கண்ணாடி இழைப் பஞ்சு. இன்ஜினியர் ஆயாவின் ஹெட்போனில் மட்டும் கொஞ்சம் எதிரொலி கலந்துவிட்டார். அது பதிவில் சேராது. அப்புறம்தான் பாட்டு வந்தது. தாளம் பிசகாமலிருக்கக் காதில் 'டிக் டிக்' என்று ஓடும் கிளிக்கையும் நிறுத்தச் சொன்னோம். தாலாட்டுக்கு மெட்ரோனோம் வைப்பது பாவம்.

மற்றப் பாட்டுகளுக்குக் கிளிக்தான் அஸ்திவாரம். அதன்மேல் கீபோர்டும், வழிகாட்டத் தற்காலிகமாகப் பாடும் ஒரு டிராக் குரலும் போட்டு, பிறகு வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதிவார்கள். மிருதங்கத்துக்கு வலப்பக்க வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத் தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக். குரல் பெரும்பாலும் கடைசியில். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பாட வேண்டும். 'ப' சொல்லும்போது வரும் காற்றைத் தடுக்க நடுவில் ஒரு வலை இருக்கும். பிசகிய வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டிக்கொள்ளலாம். 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தை ஏவி.மெய்யப்பன் நம் காரைக்குடியில்தான் எடுத்தார். அந்தக் காலத்தில் இப்படி டிராக் பிரிக்கிற வசதி ஏது? எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், ஒருவர் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

மிக்ஸிங்கில் அளவு பார்த்துக் கலந்து, மாஸ்டரிங்கில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றிச் சீராக்கினால் வேலை முடிந்தது.

வீட்டில்தான் பதிவேன் என்றால் வளவை விட்டுவிட்டு, மெத்தை தலையணை அடுக்கிய உள்ளறைக்குப் போங்கள். பதிவுத் தரத்தை மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தால் போதும். ஃபேனை அணைத்துவிடுங்கள், மாஸ்டரிங்கில் அதன் இரைச்சலும் சேர்ந்தே ஏறும்.