மார்ஃபின், ஹெராயின் போன்றவை மூச்சை நிறுத்துவது எப்படி?

வலியைக் குறைக்கும் மருந்து எப்படி உயிரையே எடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரொம்ப அவசியமான கேள்வி.

நம் உடலே என்டார்ஃபின் என்ற வலிநிவாரணியைச் சுரக்கிறது. அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகள் நரம்பணுக்களின் மேல் இருப்பதை 1973-இல் உறுதிப்படுத்தினார்கள். மார்ஃபின், ஹெராயின் போன்ற ஓபியம் வகை மருந்துகள் ஒட்டிக்கொள்வதும் அதே ஏற்பிகளில்தான். தண்டுவடத்தில் ஒட்டினால் வலிச் செய்தி மூளைக்குப் போவது குறையும். நடுமூளையில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கட்டுப்படுத்தும் அணுக்களை அடக்கிவிடும்; அதனால் டோபமைன் பெருகும். பரவசம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

அதே ஏற்பிகள் மூளைத்தண்டிலும் உண்டு. மூச்சின் தாளத்தை நடத்துவது அந்த இடம். சாதாரணமாக ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் உடனே வேகமாக மூச்சு வாங்குவோம். மருந்து அளவு மிஞ்சினால் அந்த உணர்திறன் மங்கிவிடும். மூச்சுத் திணறுவதே தெரியாமல், தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ இருந்தால் ஆபத்து பல மடங்கு.

இதில் என்னை அதிகம் வருத்துவது, சில வாரங்கள் விட்டிருந்து மறுபடி தொடுபவர்களின் நிலை. பழகிப்போன தாங்குதிறன் அதற்குள் குறைந்திருக்கும். பழைய அளவையே எடுப்பார்கள், உடல் தாங்காது. மறுவாழ்வு மையத்திலிருந்து வருபவரின் குடும்பத்துக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நாலாக்சோன் என்ற ஊசி அந்த மருந்தை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு, சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். ஆனால் அதன் வேலை சுமார் 30 முதல் 90 நிமிடம்தான். அப்புறம் மூச்சு மறுபடி அடங்கலாம். அதனால் கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.